கணுக்காலில் பிளேட் வைத்தவர்களுக்கு: எலும்பு கூடியபின் வரும் ஒரு வருடத்துக்கான வழிகாட்டி

உடைந்த கணுக்காலை உலோகப் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்துச் சேர்க்கும் ஆபரேஷன் முடிந்து ஒன்றரை, இரண்டு மாதத்தில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு “எலும்பு கூடியாச்சு, இனி ஊன்றி நடக்கலாம்” என்பார். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் கட்டிலிலிருந்து இறங்கி நின்றால் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. குதிங்கால் தரையில் சரியாகப் படியாது, படி இறங்கப் பயம், சாயங்காலம் ஆனால் வீக்கம். ஆபரேஷன் சரியில்லையோ என்ற சந்தேகம் பலருக்கும் வருவது இங்கேதான்.

பெரும்பாலும் ஆபரேஷனில் குறை இருக்காது. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். மூட்டு எவ்வளவு மடங்குகிறது, கெண்டைக்காலில் எவ்வளவு தசை மிச்சம், ஒற்றைக்காலில் நிற்க முடிகிறதா என்பதெல்லாம் அதில் தெரியாது. இவை திரும்பி வர ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். நம் குமரி மாவட்டத்தில் பலர் எலும்பு கூடியதுமே பிசியோதெரபியை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

என் அம்மாவுக்கு மழைக்காலத்தில் பாசி பிடித்த வாசல்படியில் வழுக்கி, கணுக்காலின் இரண்டு பக்கமும் உடைந்தது. கூட இருந்து கவனித்தவன் என்ற முறையில், பிசியோதெரபிஸ்டுகள் சொல்லிக்கொடுத்ததையும் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் டாக்டர் இதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் சரி.

முதலில் காகிதங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே படங்கள் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, எந்தப் பக்கம் உடைந்தது. வெளிப்பக்கம் மட்டும் உடைந்தவரைவிட வெளி, உள், பின் என்று மூன்று இடத்திலும் உடைந்தவருக்குக் குணமாக அதிக நாள் பிடிக்கும். இரண்டு, காலின் பெரிய எலும்பையும் சிறிய எலும்பையும் சேர்த்துப் பிடிக்க தனி ஸ்க்ரூ போட்டிருக்கிறார்களா. போட்டிருந்தால் ஊன்றி நடக்கும் நாள் தள்ளிப்போகலாம். மூன்று, எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு எடை கொடுக்கலாம். “கொஞ்சம் கொஞ்சமா நடங்க” என்பதை வைத்துக்கொண்டு வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. கால்வாசியா, பாதியா என்று கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மாதத்தில் நடந்தாரே என்ற ஒப்பீடு வேண்டாம். அவருக்கு உடைந்தது வேறு, வைத்தது வேறு.

முதல் ஆறு வாரம்

இதைப் பற்றி மருத்துவமனையிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். படுத்திருக்கும்போது கால் நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி இரண்டு தலையணை. விரல்களை அடிக்கடி ஆட்ட வேண்டும். தையல் பிரிப்பது பொதுவாக 10 முதல் 14 நாளில். முழங்காலும் இடுப்பும் இறுகாமல் இருக்க, படுத்தபடியே காலை நேராகத் தூக்கி இறக்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கெண்டைக்கால் திடீரென்று கல்லாக இறுகி வலித்து வீங்கினால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதைத் தடவவோ எண்ணெய் போட்டு உருவவோ கூடாது. கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

எடை கொடுக்கப் பழகுவது

“பாதி எடை கொடுங்க” என்றால் எவ்வளவு என்று கண்டுபிடிக்க எளிய வழி, குளியலறையில் வைக்கும் எடை மெஷின். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நல்ல காலைத் தரையில் வைத்து, ஆபரேஷன் செய்த காலை மெஷின் மேல் வையுங்கள். மெஷினும் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க, நல்ல காலுக்கு அடியில் அதே உயரத்தில் பலகை போடலாம். 60 கிலோ உள்ளவருக்குக் கால்வாசி என்பது 15 கிலோ. முள் 15-ஐத் தொடும்வரை அழுத்திப் பாருங்கள். அந்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று கால் பழகிக்கொள்ளும். பிறகு டாக்டர் சொன்ன வேகத்தில் பாதி, முக்கால், முழு எடை.

வாக்கரிலிருந்து ஒற்றைக் கம்புக்கு மாறும்போது எல்லாரும் முதலில் அடிபட்ட பக்கத்துக் கையில்தான் கம்பைப் பிடிப்பார்கள். எதிர்ப்பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். வலது கால் என்றால் இடது கை. படியில் ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முன்னே. பேருந்தின் முதல் படி உயரம் என்பதால், இது பழகும்வரை கூட ஒருவர் வரட்டும். கூட்டமான நேரத்தைத் தவிருங்கள்.

நொண்டி நடந்து பழகினால் அந்தப் பழக்கம் எலும்பு கூடிய பிறகும் போகாது. பத்தடி சரியாக நடப்பது, நூறடி நொண்டி நடப்பதைவிட மேல். குதிங்கால் முதலில் தரையில் பட வேண்டும், பிறகு பாதம், கடைசியில் பெருவிரலால் உந்த வேண்டும். இது வரும்வரை கம்பை விட அவசரப்பட வேண்டாம். கம்பு பிடிப்பதில் என்ன வெட்கம்?

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர்வரை தரை ஈரமில்லாத மாதம் குறைவு. ஆகவே, முற்றத்துப் படியிலும் கிணற்றடியிலும் குளியலறையிலும் இருக்கும் பாசியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து எடுப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான். ஹவாய் செருப்பை ஒரு வருடத்துக்கு ஒதுக்கிவையுங்கள். குதிங்காலுக்குப் பின்னால் வார் உள்ள, அடி வழுக்காத செருப்பு வாங்கி வீட்டுக்குள்ளும் போடுங்கள்.

மடக்கம்: இந்த வருடத்தின் பெரிய வேலை

கணுக்காலுக்குள் இருக்கும் எலும்பின் மேற்பகுதி முன்னால் அகலமாகவும் பின்னால் ஒடுங்கியும் இருக்கும். பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போது, இரண்டு பக்க எலும்புகளுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குள் அந்த அகலமான பகுதி நுழைய வேண்டும். ஆறு வாரம் கட்டுக்குள் இருந்த மூட்டில் சவ்வும் குதிங்காலுக்குப் பின்னால் உள்ள தசைநாணும் சுருங்கிப்போய் அதற்கு வழிவிடுவதில்லை. அதனால்தான் பாதத்தைக் கீழே நீட்டுவது சீக்கிரம் வந்துவிடும், மேலே மடக்குவது வராமல் அடம்பிடிக்கும்.

சமதரையில் நடக்க 10 டிகிரி அளவுக்கு மேல்மடக்கம் இருந்தால் சமாளிக்கலாம். படி இறங்க அதைப்போல் இருமடங்காவது வேண்டும். குத்தவைத்து உட்கார 30 டிகிரிக்கும் மேல் தேவை. வெளிநாட்டு வழிகாட்டிகள் நடையோடு நின்றுவிடும். நமக்கு அது போதாது. அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார வேண்டும், ரப்பர் மரத்தில் தாழ்ந்த வெட்டுக்குக் குனிய வேண்டும், பல வீடுகளில் கக்கூஸே குத்தவைக்கும் கக்கூஸ்தான்.

அளக்க ஒரு ஸ்கேல் போதும். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள். குதிங்காலைத் தூக்காமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடுங்கள். தொட முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடி தொடுங்கள். குதிங்கால் தூக்காமல் தொட முடிகிற கடைசி இடத்தில் பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். நல்ல காலில் பலருக்கும் 10 சென்டிமீட்டர் பக்கம் வரும். ஆபரேஷன் காலில் தொடக்கத்தில் சுவரை ஒட்டி வைத்தால்கூடத் தொடாமல் போகலாம். ஒவ்வொரு சென்டிமீட்டரும் சுமார் மூன்றரை டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் அளந்து காலண்டரில் குறித்துவையுங்கள். தினமும் அளந்தால் மனசுதான் சோர்ந்துபோகும்.

மடக்கத்தைக் கூட்டும் பயிற்சிகள் மூன்று. நீட்டி உட்கார்ந்து பாதத்தில் துண்டைப் போட்டுத் தன்னை நோக்கி இழுத்து 30 விநாடி பிடிப்பது முதலாவது. இதை ஊன்ற அனுமதி வருவதற்கு முன்பே டாக்டரைக் கேட்டுத் தொடங்கலாம். முழு எடை கொடுக்கச் சொன்னபின், சுவரில் கையூன்றி ஆபரேஷன் காலைப் பின்னால் வைத்து, முழங்காலை நீட்டியபடி சாய்வது இரண்டாவது. அதே நிலையில் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிச் சாய்வது மூன்றாவது. கெண்டைக்காலில் இரண்டு தசைகள் இருக்கின்றன. நீட்டினால் ஒன்று இழுபடும், மடக்கினால் மற்றது. பலர் நீட்டியதை மட்டும் செய்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றும் 30 விநாடி, மூன்று நான்கு தடவை, நாளில் மூன்று வேளை. ஒரே வேளையில் ஒரு மணி நேரம் செய்து காலை வீங்கவைப்பதால் பலன் இல்லை.

காயம் முழுக்க ஆறியிருந்தால், பயிற்சிக்கு முன் இளஞ்சூடான தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைக்கலாம். சர்க்கரை நோயாளிகள் சூட்டைக் கையால் பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும். பாதத்துக்குச் சூடு தெரியாமல் வெந்துபோனவர்கள் உண்டு.

குத்தவைப்பதற்கு ஒரு தனி வழி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு குதிங்காலுக்கும் அடியில் ஒரு பலகையை வைத்து மெதுவாக உட்கார்ந்து எழுங்கள். சில வாரம் கழித்து மெல்லிய பலகை. அப்புறம் மடித்த துண்டு. கடைசியில் வெறுந்தரை. மூன்று மாதத்துக்கு முன் இதைத் தொட வேண்டாம். அதுவரை கக்கூஸுக்கு, நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி வாங்கிப் போடுங்கள். மூன்று பக்கம் உடைந்த சிலருக்கு முழுக் குத்தவைப்பு கடைசிவரை வராமலும் போகலாம். அதற்காக மூட்டை முறுக்கிப் பலவந்தம் செய்ய வேண்டாம்.

கிறிஸ்தவக் கோவிலில் முட்டுப்போட்டு ஜெபிப்பவர்களுக்கும் தொழுகையில் காலை மடித்து உட்காருபவர்களுக்கும் இதற்கு நேரெதிரான மடக்கம் வேண்டும். பாதத்தின் மேற்பக்கம் தரையில் படிய வேண்டும். கட்டிலில் முழங்காலிட்டு, கணுக்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் பழகி, கொஞ்சம் கொஞ்சமாகத் தலையணையை மெலிதாக்கலாம். அம்மா இதற்காகத்தான் எல்லாப் பயிற்சியும் செய்தார். நான் சொன்ன மற்ற காரணங்கள் எதுவும் அவரிடம் செல்லவில்லை.

பலமும் நிதானமும்

இரண்டு கெண்டைக்காலையும் டேப்பால் சுற்றி அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். இதைத் திரும்பப் பெற நடை மட்டும் போதாது. குதிங்காலைத் தூக்கும் பயிற்சி வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடி குதிங்காலைத் தூக்குவதில் தொடங்குங்கள். பிறகு சமையல் மேடையைப் பிடித்து நின்று இரண்டு காலிலும். அடுத்து, இரண்டு காலில் ஏறி ஒற்றைக்காலில் மெதுவாக இறங்குவது. கடைசியில் ஒற்றைக்காலிலேயே ஏறி இறங்குவது. 20 முதல் 25 தடவை நல்ல காலைப் போலவே தூக்க முடிந்தால் கெண்டைக்கால் தேறிவிட்டது எனலாம். பலருக்கு ஆறு மாதத்திலும் ஒன்றிரண்டுக்கு மேல் வராது. அது சகஜம், நிறுத்திவிடாதீர்கள்.

நிதானத்துக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள், ஒரு கை சுவருக்குப் பக்கத்தில் இருக்கட்டும். 30 விநாடி வந்ததும் தலையைத் திருப்பியபடி. அதுவும் வந்ததும் மடித்த பாயின் மேல்.

கடற்கரை நடை பற்றி எல்லாரும் கேட்பார்கள். சங்குத்துறையும் சொத்தவிளையும் பக்கத்தில் இருக்க, மணலில் நடந்தால் நல்லதுதானே என்று. நல்லதுதான், ஆனால் ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்க வந்த பிறகு. தளர்ந்த மணல் கணுக்காலை எல்லாப் பக்கமும் சாய்க்கும். அலை நனைத்த கெட்டி மணல் நடக்க எளிது, ஆனால் அது கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரே திசையில் நடந்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். போன தூரம் அப்படியே திரும்பி வாருங்கள்.

வேலைக்குத் திரும்புவது வேலையைப் பொறுத்தது. மேசை வேலைக்கு இரண்டு மாதம் பக்கம் போகலாம், காலை உயர்த்தி வைக்க ஒரு ஸ்டூல் இருந்தால். கட்டட வேலைக்கும் சுமை தூக்கவும் நான்கு முதல் ஆறு மாதம். விடியுமுன் ஈரச் சரிவில் ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களும், ஆடும் படகில் நின்று வலை இழுக்கிறவர்களும், குதிங்கால் தூக்குவதும் ஒற்றைக்கால் நிற்பதும் சரியாக வந்த பிறகே போவது நல்லது. தொடக்கத்தில் ரப்பர் தோட்டத்தின் சமதரை வரிசைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வண்டி ஓட்டுவதைப் பொறுத்தவரை, வலது கணுக்கால் ஆபரேஷன் ஆனவர்கள் பிரேக்கை மிதிக்கும் வேகம் பழைய நிலைக்கு வர சுமார் 9 வாரம் ஆவதாக ஆய்வு உண்டு. பைக்கில் வலது காலுக்குப் பிரேக், இடது காலுக்குக் கியர். ஸ்கூட்டரில் காலுக்கு வேலை இல்லை என்று நினைப்பார்கள். சட்டென்று நிறுத்தி வண்டியின் எடையைக் காலில் தாங்கும்போது தெரியும். நின்ற வண்டியில் உட்கார்ந்து, அதை அந்தப் பக்கம் சாய்த்துத் தாங்கிப் பார்த்துவிட்டுச் சாலைக்கு இறங்குங்கள்.

சாயங்கால வீக்கம்

ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்வரை இருக்கும். இரவு காலை உயர்த்திப் படுத்து, காலையில் வடிந்துவிட்டால் பயப்பட வேண்டாம். டாக்டர் இறுக்கமான காலுறை சொல்லியிருந்தால், காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் போட வேண்டும். வீங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

பயிற்சி அதிகமா குறைவா என்று தெரிந்துகொள்ள மறுநாள் காலையைப் பாருங்கள். வழக்கத்தைவிட அதிக வீக்கமும் வலியும் இருந்தால் நேற்று செய்தது அதிகம், இன்று பாதியாகக் குறையுங்கள். பயிற்சியின்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கினால் தொடரலாம். வலியே வராமல் செய்கிறேன் என்பவர்களின் மூட்டு இறுகிப்போகும். பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறேன் என்பவர்களின் கால் வீங்கியே கிடக்கும்.

ஆசான் தடவல்

வர்ம வைத்தியம் வேரூன்றிய மாவட்டம் இது. ஆபரேஷன் ஆன வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர், நல்ல ஆசான் (வர்ம வைத்தியர்) ஒருவர் இருக்கிறார், ஒரு தடவு போட்டால் சரியாகும் என்பார்கள். அந்த மரபின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் உள்ளே உலோகம் வைத்த கால் வேறு. எலும்பு கூடியதாக எக்ஸ்ரேயில் உறுதியாகும்வரை தடவலும் வேண்டாம், பச்சிலைக் கட்டும் வேண்டாம். தையல் போட்ட இடத்தில் பச்சிலை வைத்துக் கட்டிச் சீழ் பிடித்தால் பிளேட்டையே எடுக்க வேண்டிவரும். கூடிய பிறகு கெண்டைக்காலில் மெதுவாக எண்ணெய் தடவிக்கொள்வதில் தப்பில்லை. பாதத்தைப் பிடித்துச் சட்டென்று இழுத்து மடக்குவதற்கு மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள், ஆசானோ பிசியோவோ யாராக இருந்தாலும்.

தழும்பைத் தடவுவது நீங்களே செய்ய வேண்டியது. பக்கு எல்லாம் உதிர்ந்து தோல் மூடியபின், தேங்காய் எண்ணெய் தொட்டு விரலால் தழும்பின்மேல் சின்ன வட்டமாக, நாளும் ஐந்து நிமிடம். தழும்பு அடியில் ஒட்டிக்கொண்டால் மடக்கமும் குறையும். தழும்பைச் சுற்றியோ பாதத்தின் மேலோ மரத்துப்போயிருந்தால், ஆபரேஷனில் தோலுக்கான சிறு நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். பல மாதங்களில் குறையும், கொஞ்சம் நிலைத்தும் போகலாம்.

சாப்பாடு, பீடி, சர்க்கரை

ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு கூடும் என்பது நம் வீடுகளில் அசைக்க முடியாத நம்பிக்கை. குடியுங்கள், ருசியானது. அதில் கால்சியம் கொஞ்சம்தான். முள்ளோடு தின்னும் நெத்திலியும் சாளையும் அதைவிடக் கை கொடுக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகிலேயே 300-க்கு மேல் இருக்கிறது. மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் சாப்பிடும்போது மரச்சீனியைக் குறைத்து மீனைக் கூட்டுங்கள், தசை வளரப் புரதம் மீனில்தான். மீன் தின்னாதவர்களுக்கு முட்டை, பயறு, மோர்.

பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும், காயத்தையும் ஆறவிடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு எலும்பு கூட அதிக நாள் பிடிக்கும் என்பதால், ஊன்றாமல் இருக்கும் காலத்தை டாக்டர்கள் இருமடங்காகக்கூட நீட்டுவார்கள். சர்க்கரை உள்ளவர்கள் மற்றவர்களின் கணக்கைப் பார்த்து முந்தக் கூடாது.

பிசியோதெரபி எங்கே?

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கிடைக்கும். வெளியே வர முடியாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு உண்டு; பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். தனியாரிடம் தினமும் போக வசதியில்லை என்றால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் பயிற்சியைச் சரிபார்த்துப் புதியதைக் கற்றுவந்தாலும் போதும், மீதி நாள் வீட்டில் ஒழுங்காகச் செய்தால்.

எப்போது திரும்ப டாக்டரிடம்?

தையல் இடம் சிவந்து சுடுவது, நீர் அல்லது சீழ் கசிவது என்றால் அன்றைக்கே போக வேண்டும், ஆபரேஷன் ஆகி எத்தனை மாதமானாலும். மூன்று மாதத்துக்குப் பிறகும் ஊன்றும்போது வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால் எலும்பு கூடியதா என்று மறுபடி பார்க்க வேண்டும். கால் எரிச்சல் தாங்காமல், போர்வை பட்டாலே துடித்து, நிறமும் சூடும் வேர்வையும் மாறுகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். அது நரம்பு சார்ந்த தனிச் சிக்கல், சீக்கிரம் தொடங்கினால்தான் வைத்தியம் பலிக்கும்.

பிளேட்டை எடுக்க வேண்டுமா?

தொந்தரவு இல்லையென்றால் எடுக்க வேண்டாம். வெளிப்பக்கப் பிளேட் தோலுக்கு ஒட்டியே இருப்பதால், சிலருக்குச் செருப்பு வார் உரசி வலிக்கும், அல்லது அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. அப்படியானால் பொதுவாக ஒரு வருடம் கழித்து எடுப்பார்கள். இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்க்ரூவைச் சில டாக்டர்கள் மூன்று நான்கு மாதத்தில் எடுப்பார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். விட்டது உள்ளேயே உடைந்ததாக எக்ஸ்ரேயில் தெரிந்தால் பதற வேண்டாம், பலருக்கு அதனால் எந்தத் தொந்தரவும் வருவதில்லை. பிளேட்டையோ ஸ்க்ரூவையோ எடுத்தபின், ஸ்க்ரூ இருந்த துளைகள் மூடும்வரை எலும்பு அங்கே பலவீனமாக இருக்கும். ஒன்றரை மாதமாவது ஓட்டமும் குதிப்பதும் கூடாது, டாக்டர் சரி என்ற பிறகே.